முன்னே போகிறவருக்கு வழி தெரியும் என்ற நம்பிக்கை

கேள்வி இது: "பங்குச்சந்தை ஏறும்போது எல்லோரும் ஒன்றாக வாங்குகிறார்கள், இறங்கும்போது ஒன்றாக விற்கிறார்கள். இந்தியா போன்ற வளரும் சந்தைகளில் இந்த மந்தைப் போக்கு அதிகம் என்கிறார்கள். இதற்குக் காரணம் சிறு முதலீட்டாளர்களின் அறியாமையா, பேராசையா? தனி மனிதர் ஒருவர் இதிலிருந்து எப்படி விலகி நிற்பது?"

சிறு முதலீட்டாளர்களை மந்தை என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் வலிக்கும். கோயம்புத்தூரில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தின் முன்மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த மேசைக்கு வந்தவர்கள் பஞ்சாலை மேற்பார்வையாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பம்ப்செட் பட்டறை நடத்தியவர்கள். தங்கள் தொழிலில் ஒரு ரூபாய்கூட ஏமாறாதவர்கள். கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிற ஒருவர், ஒரு லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கும்போது எதையும் புரட்டாமல் கையெழுத்துப் போடுகிறார் என்றால், அறியாமை, பேராசை என்று இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கத்தரிக்காயைப் பார்த்தால் சொத்தை தெரியும். கம்பெனியைப் பார்த்தால் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மனிதர்கள் அடுத்தவரைப் பார்க்கிறார்கள். அவர் செய்வதையே தகவலாக எடுத்துக்கொள்கிறார்கள். அவருக்கு அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

நேரில் பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன். 2008 ஜனவரி 15 அன்று ரிலையன்ஸ் பவர் நிறுவனத்தின் புதிய பங்கு வெளியீடு திறந்தது, 18 அன்று முடிந்தது. இங்கே அது பொங்கல் வாரம். விலை 405 முதல் 450 ரூபாய் வரை; திரட்ட நினைத்த தொகை 11,500 கோடி ரூபாய்க்கும் மேல். அதுவரை இந்தியாவில் அவ்வளவு பெரிய வெளியீடு வந்ததில்லை. கம்பெனியின் கையில் 13 மின் திட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அப்போது மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கியிருக்கவில்லை.

எங்கள் அலுவலகப் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டிமேட் கணக்கைப் புதிதாகத் தொடங்குவதற்காகவே பலர் அதற்கு முந்தைய வாரங்களில் வந்திருந்தார்கள். தாத்தா, பாட்டி பெயரில்கூடக் கணக்குகள் திறக்கப்பட்டன. நூலில் கட்டிவைத்த பேனா போதாமல், ஆளாளுக்குச் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து எழுதினார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நான்கு படிவங்களை நீட்டினார்: அவருடையது, மனைவியுடையது, மகனுடையது, மருமகளுடையது. நான்கிலும் 'கட்-ஆஃப் விலை' என்ற கட்டத்தில் டிக். எந்த விலை முடிவானாலும் சம்மதம் என்று அதற்குப் பொருள். "தம்பி, முதல் நிமிடத்திலேயே மொத்தமும் நிரம்பிவிட்டதாமே. நமக்கு ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார். மின்சாரம் எந்த ஆண்டு வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. கம்பெனியின் விவரங்களையெல்லாம் சொல்லும் தலையணை அளவு பிராஸ்பெக்டஸ் ஒன்று மேசை ஓரத்தில் கிடந்தது. அந்த நான்கு நாட்களில் அதை யாரும் திறந்ததாக எனக்கு நினைவில்லை. நானும் திறக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அவர் அறியாதவர் இல்லை. கணக்கு வாத்தியார். அவர் போட்ட கணக்கு இப்படி இருந்திருக்கும்: 'எனக்கு மின்துறை தெரியாது. ஆனால் பெரிய பெரிய நிறுவனங்கள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு கேட்கின்றன. அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?' இந்தக் கணக்கில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. அதுதான் இதில் அஞ்ச வேண்டிய விஷயம்.

பின்னாளில், 2019இல், நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி 1992இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் துல்லியமாகக் காட்டியிருக்கிறார். அவர் சொன்ன உதாரணத்தை நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். அடுத்தடுத்து இரண்டு உணவகங்கள், கிழக்குக் கடையும் மேற்குக் கடையும். 100 பேர் சாப்பிட வருகிறார்கள். பொதுவான அபிப்பிராயம் கிழக்குக் கடைக்கு ஒரு மயிரிழை சாதகம். ஆனால் உண்மையில் நல்ல கடை மேற்கு. வருகிறவர்களில் 99 பேருக்குத் தனித்தனியாக யார் யாரோ 'மேற்குக் கடை நன்றாக இருக்கும்' என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் 'கிழக்கு' என்று தவறான தகவல். அந்த ஒருவர் முதலில் வந்துவிடுகிறார், கிழக்கே நுழைகிறார். இரண்டாமவர் அதைப் பார்க்கிறார். 'அவருக்குக் கிழக்கு என்று சொல்லியிருக்கிறார்கள், எனக்கு மேற்கு என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று கழித்தால் மிஞ்சுவது பொது அபிப்பிராயம், அது கிழக்கு' என்று அவரும் கிழக்கே போகிறார். மூன்றாமவர், நான்காமவர், நூறாமவர் வரை எல்லோரும் கிழக்குக் கடையில். மேற்குக் கடையில் இலை போட ஆள் இல்லை.

இந்த 100 பேரில் ஒருவர்கூடக் கோணலாக யோசிக்கவில்லை. ஆனால் இரண்டாமவர் கிழக்கே திரும்பிய கணத்தில், அவர் கையிலிருந்த சரியான தகவல் ஊரைவிட்டே மறைந்துபோனது. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அவரது கால்கள் போன திசை மட்டுமே தெரியும். மனதில் இருந்தது தெரியாது. கிழக்குக் கடையில் 90 பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர், 90 பேருடைய தீர்ப்பைப் பார்ப்பதாக நினைக்கிறார். அவர் பார்ப்பது ஒரே ஒரு ஆளின் தீர்ப்பு, 90 முறை.

மறுபடியும் 2008க்கு வருகிறேன். அந்த வெளியீடு ஏறத்தாழ 73 மடங்கு கேட்கப்பட்டது. 7 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் விண்ணப்பங்கள். இந்த எண்தான் படிக்கட்டு வரை வரிசையை நீட்டியது. ஆனால் எண்ணுக்குள் என்ன இருந்தது? அன்றைய விதிப்படி பெரிய நிறுவன முதலீட்டாளர்கள் 100 ரூபாய்க்குப் பங்கு கேட்க 10 ரூபாய் முன்பணம் வைத்தால் போதும். எப்படியும் கேட்டதில் ஒரு துளிதான் கிடைக்கும் என்று தெரிந்ததால், வேண்டியதைவிடப் பல மடங்கு கேட்டார்கள். பணக்காரத் தனிநபர்கள் கடன் வாங்கிக் கேட்டார்கள். பங்கு சந்தையில் பட்டியலாகி வர்த்தகம் தொடங்கும் அன்றே விற்றுக் கடனை அடைப்பது அவர்கள் திட்டம். கேட்டவர்களில் பெரும் பகுதியினர் கம்பெனியை எடை போட்டுக் கேட்கவில்லை. கேட்பவர்கள் அதிகம் என்பதால் அதிகமாகக் கேட்டார்கள். தலைமை ஆசிரியர் அதை 73 மடங்கு நம்பிக்கை என்று படித்தார். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2010 மே மாதத்திலிருந்து நிறுவனங்களும் முழுப் பணத்தையும் முன்னதாகவே வைக்க வேண்டும் என்று மாற்றியது. கடன் வாங்கி விண்ணப்பிப்பதற்கு ஒரு நபருக்கு ஒரு கோடி ரூபாய் உச்சவரம்பு வருவதற்கு 2022 ஏப்ரல் ஆனது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளியீடு முடிந்த அடுத்த திங்கட்கிழமை, ஜனவரி 21, மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 1,408 புள்ளிகள் விழுந்தது. மறுநாள் காலை சந்தை திறந்த உடனேயே வர்த்தகத்தை நிறுத்திவைக்கும் சரிவு வரம்பான கீழ் சர்க்யூட்டைத் தொட்டு ஒரு மணி நேரம் வர்த்தகம் நின்றது. பிப்ரவரி 11 அன்று ரிலையன்ஸ் பவர் பட்டியலாகி, அன்று மாலை 372.50 ரூபாயில் முடிந்தது. சிறு முதலீட்டாளர்களுக்கு 20 ரூபாய் தள்ளுபடி போக அடக்கவிலை 430. நிறுவனர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஐந்து பங்குக்கு மூன்று இலவசப் பங்கு தருவதாக நிறுவனம் பிறகு அறிவித்தது. உலகச் சந்தை முழுவதும் சரிந்துகொண்டிருந்த காலம் அது. எல்லாப் பழியையும் இந்த ஒரு வெளியீட்டின் தலையில் கட்ட முடியாது. ஜனவரியில் 21,000ஐத் தாண்டியிருந்த சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்குக் கீழே போனது.

இதே கதையின் பழைய வடிவம் 1992. அந்த ஆண்டு ஜனவரியில் 2,000 அளவில் இருந்த சென்செக்ஸ் ஏப்ரல் 22 அன்று 4,467ஐத் தொட்டது. ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு சில நூறு ரூபாயிலிருந்து ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. மும்பைப் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா வாங்குகிறார் என்பதே வாங்குவதற்கான காரணமாக இருந்தது. அந்தக் கம்பெனியை இன்று புதிதாகக் கட்டினால் எவ்வளவு செலவாகும், அதுதான் பங்கின் உண்மையான மதிப்பு என்று ஒரு விளக்கம் உலவியது. கேட்டவர்கள் அதை அப்படியே அடுத்தவருக்குச் சொன்னார்கள். மேத்தா பங்கு வாங்கப் பயன்படுத்திய பணம் வங்கிகளின் அரசுப் பத்திரப் பரிவர்த்தனைகளிலிருந்து வழிமாறி வந்தது என்பதை ஏப்ரல் 23 அன்று பத்திரிகையாளர் சுசேதா தலால் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் எழுதிய பிறகே நாடு அறிந்தது. முன்னே போன மனிதரிடம் மற்றவர்கள் நினைத்த தகவல் இல்லை. அவரிடம் இருந்தது அடுத்தவர் பணம்.

இனி, மந்தை என்றால் சிறு முதலீட்டாளர்தான் என்ற எண்ணத்தைப் பற்றி. இது பாதி உண்மைகூட இல்லை. பலரது பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் பரஸ்பர நிதியின் மேலாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வைத்திருக்கும் பங்கை அவரும் வைத்திருந்து அது விழுந்தால், 'சந்தையே விழுந்தது' என்று சொல்லித் தப்பிவிடலாம். எல்லோரும் வைத்திருக்கும் பங்கை அவர் மட்டும் வைக்காமல் இருந்து அது ஏறினால், மூன்று மாதத்தில் விளக்கம் கேட்பார்கள், ஓராண்டில் நாற்காலி ஆடும். ஷார்ஃப்ஸ்டைன், ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990இலேயே இதை எழுதிவிட்டார்கள்: சம்பளத்துக்கும் பெயருக்கும் பயந்து கூட்டத்தோடு போவது தொழில்முறை மேலாளர்களுக்கு உரிய நோய். 2020 மார்ச்சில் இதைக் கண்ணால் பார்த்தோம். மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,935 புள்ளிகள் விழுந்தது. அந்த ஒரு மாதத்தில் இந்தியப் பங்குகளிலிருந்து 60,000 கோடி ரூபாய்க்கும் மேல் எடுத்துக்கொண்டு வெளியேறியவர்கள் அந்நிய நிறுவன முதலீட்டாளர்கள். அதன் பிறகு வந்த மாதங்களில் வீட்டில் அடைந்திருந்த சாதாரண மக்கள் லட்சக்கணக்கில் புதிய கணக்குத் தொடங்கி வாங்கினார்கள். அந்த முறை யார் மந்தை?

வளரும் சந்தைகளில் இது ஏன் முற்றிப்போகிறது என்பதற்கு வருவோம். மக்களின் குணத்தைக் காரணமாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சந்தையின் அமைப்பில்தான் பெரும்பாலான காரணங்கள் இருக்கின்றன.

தகவல் கிடைப்பது கடினம் என்பது முதல் காரணம். ஆயிரக்கணக்கில் பட்டியலான கம்பெனிகளில் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து எழுதுவது சில நூறு கம்பெனிகளைப் பற்றித்தான். மீதியுள்ளவற்றில் விலை ஏறுவதே செய்தி. அடுத்து, நிறுவனர் குடும்பம் பாதிக்கும் மேல் பங்கைக் கையில் வைத்திருப்பதால், சந்தையில் புழங்கும் பங்கு கொஞ்சம். குட்டையில் கல் விழுந்தால் அலை பெரிதாகத்தானே தெரியும். மூன்றாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: ஒரு பங்கின் விலை அநியாயம் என்று நினைக்கிறவர் பெரும்பாலான பங்குகளில் அதை விலையில் காட்ட வழி மிகக் குறைவு. பங்கைக் கடனாக வாங்கி விற்று, பிறகு திருப்பித் தரும் ஏற்பாடு இங்கே 2008இல்தான் வந்தது, இன்றும் அது வேர்பிடிக்கவில்லை. ஆகவே நம்புகிறவர் வாங்குகிறார், நம்பாதவர் பேசாமல் போய்விடுகிறார். விலையில் பதிவாவது நம்புகிறவரின் குரல் மட்டுமே.

தினசரி விலை வரம்பையும் சொல்ல வேண்டும். ஒரு சிறிய பங்கு ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு இருக்கும். முதலீட்டாளரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. அது திரையில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். அந்த வரம்பைத் தொட்டு மேல் சர்க்யூட்டில் பூட்டிய பங்கில், வாங்கும் பக்கம் லட்சம், இரண்டு லட்சம் என்று எண்கள் நிற்கும். விற்கும் பக்கம் முழுக்கப் பூஜ்யம். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். இதைப் பார்த்துப் பார்த்துக் கை துறுதுறுத்து, ஐந்தாம் நாள் காலை 9 மணிக்கே ஆர்டர் போட்டு வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாளில் அவர்களுக்கு அந்தப் பங்கு உடனே கிடைத்துவிடும். யாரோ விற்கத் தொடங்கிவிட்டார் என்பதால்தான் கிடைத்தது. பிறகு கீழ் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும், விற்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். வங்கதேசத்தின் டாக்கா பங்குச்சந்தையில் 2009 தொடக்கத்தில் 3,000க்குக் கீழே இருந்த பொதுக் குறியீடு 2010 டிசம்பர் 5 அன்று 8,918ஐத் தொட்டது. வங்கிகளே வைப்புப் பணத்தைக் கொண்டுவந்து சந்தையில் கொட்டியிருந்தன. மத்திய வங்கி கடிவாளத்தை இறுக்கியதும், 2011 ஜனவரி 10 அன்று ஒரு மணி நேரத்துக்குள் 660 புள்ளிகள் விழுந்து வர்த்தகம் நிறுத்தப்பட்டது. டாக்காவின் மோதிஜீல் வணிகப் பகுதியில் தெருவில் இறங்கிய முதலீட்டாளர்களைப் போலீஸ் கலைத்தது. அதே நகரம் 1996இலும் இதேபோல ஒரு சரிவைக் கண்டிருந்தது. பதினைந்து ஆண்டுகள் போதும், சந்தைக்குப் புதிதாக ஒரு தலைமுறை வந்துவிடுகிறது. இந்தியாவில் 2020 மார்ச்சில் 4 கோடி சொச்சமாக இருந்த டிமேட் கணக்குகள் 2024 முடிவில் 18 கோடியைத் தாண்டின. ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு சரிவை அந்தப் புதிய கணக்குகளில் பெரும்பாலானவை இன்னும் கண்டதில்லை. எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். எல்லோரும் ஒரே பக்கம் போவதெல்லாம் மந்தைப் போக்கு ஆகிவிடாது. 2024 ஜூன் 3 அன்று, மக்களவைத் தேர்தல் வாக்குக் கணிப்புகளை நம்பி சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை வேறு மாதிரி போனதும் 4,389 புள்ளிகள் விழுந்தது. எல்லோரும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் கேட்டார்கள், தனித்தனியாகவே ஒரே முடிவுக்கு வந்தார்கள். மழை வந்தால் தெருவில் எல்லோரும் குடை விரிப்பது போல. பக்கத்தில் இருப்பவர் விரித்தார் என்பதற்காக வெயிலில் விரித்தால்தான் அது நாம் பேசுகிற விஷயம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சாதாரணமாகச் சந்தை பெரிதாக அசையும் நாளில் பங்குகளுக்கிடையே வேறுபாடு கூட வேண்டும். நல்ல கம்பெனி கொஞ்சம் விழும், கடன்பட்ட கம்பெனி அதிகம் விழும். அந்த வேறுபாடு கூடுவதற்குப் பதிலாகச் சுருங்கினால், தரம் பிரிக்காமல் எல்லோரும் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்குகிறார்கள் அல்லது விற்கிறார்கள் என்று பொருள். சாங், செங், கொரானா என்ற மூவர் 2000இல் இந்த அளவுகோலை ஐந்து சந்தைகளில் வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் மந்தைப் போக்குக்குச் சான்று கிடைக்கவில்லை, ஜப்பானில் ஓரளவு, தென்கொரியாவிலும் தைவானிலும் தெளிவாகக் கிடைத்தது. அப்போது அவை இரண்டும் வளரும் சந்தைகள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: விலகி நிற்பது எப்படி? கூட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கூட்டம் பல நேரம் சரியாகவே இருக்கும். எதிர்த்து நடப்பதும் கூட்டத்தைப் பார்த்து நடப்பதுதான். நான் ஒருவரிடம் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்தப் பங்கைப் பற்றி உங்களிடம் சொன்ன ஐந்து பேரும் தனித்தனியாக அறிந்து சொன்னார்களா, அல்லது ஐந்து பேரும் ஒருவரிடமிருந்து கேட்டார்களா? பின்னோக்கி நடந்து பாருங்கள். மைத்துனர் சொன்னார், அவருக்கு அலுவலக நண்பர் சொன்னார், அவர் வாட்ஸ்அப் குழுவில் படித்தார், குழுவில் போட்டவர் 'எத்தனை மடங்கு கேட்டிருக்கிறார்கள் பாருங்கள்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் மூன்றாவது படியிலேயே பாதை நின்றுவிடும்.

2024 ஆகஸ்டில் டெல்லியைச் சேர்ந்த ரிசோர்ஸ்ஃபுல் ஆட்டோமொபைல் என்ற சிறு நிறுவனம் 12 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. இரண்டு பைக் ஷோரூம், எட்டு ஊழியர்கள். வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 4,800 கோடி ரூபாய்க்கு. நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை. இரண்டு ஷோரூம் என்று அவர்கள் எதையும் மறைக்காமல் ஆவணத்தில் எழுதியிருந்தார்கள். படித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என்னிடம் வருகிறவர்களை ஒரு காரியம் செய்யச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் ஒரு தாளில், ஏன் வாங்குகிறேன் என்று நான்கு வரி எழுதுங்கள். 'எல்லோரும்', 'ஏறுகிறது', 'கிரே மார்க்கெட்' (பட்டியலாகும் முன்பே நடக்கும் அதிகாரப்பூர்வமற்ற வியாபாரம்) ஆகிய மூன்று சொற்களும் அதில் வரக்கூடாது. புதிய வெளியீடு என்றால், திரட்டும் பணத்தை எதற்குச் செலவிடப் போகிறார்கள் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். புதிய ஆலை கட்டவா, பழைய கடனை அடைக்கவா, பழைய பங்குதாரர் விற்றுவிட்டு வெளியேறவா என்று அங்கேயே இருக்கும். நான்கு வரி எழுத வரவில்லை என்றால் அந்தத் துறை உங்களுக்குத் தெரியவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதியில் மாதம் ஒரு தொகை போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். பின்னாளைய விலையை வைத்துப் பந்தயம் கட்டுவது போன்ற எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் பக்கம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது.

அந்தத் தலைமை ஆசிரியர் 2010இல் மறுபடி வந்தார். அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் வெளியீடு வந்த சமயம். இந்த முறை கையில் ஒரே ஒரு படிவம். பிராஸ்பெக்டஸை வாங்கி எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே மதியம் வரை படித்தார். பிறகு என்னிடம் வந்து, "தம்பி, ஒரு டன் நிலக்கரிக்கு இவர்களுக்கு என்ன செலவாகிறது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். இருவருமாகச் சேர்ந்து தேடினோம்.